பராக்கு நோட்டு

செபம் சொல்லும்போது மனம் வேறு எங்காவது போய்விட்டால் அதற்குப் பராக்கு என்று எங்கள் மாதா கோயிலில் பெயர். சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பூசையில் முன்னால் நிற்பவள் கட்டியிருக்கும் புடவையைப் பார்ப்போம், பராக்கு என்று நினைவு வரும், மறுபடி பீடத்தைப் பார்ப்போம். அவ்வளவுதான். அந்தச் சொல்லை வைத்து ஒரு பெண்பிள்ளையை நான் நோயில் தள்ளினேன். அப்படி எழுதக் கூடாது என்றுதான் அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சொல்வார். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். தி.நகரில், புடவைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஃபால்ஸ் தைத்து ஓரம் அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை. வீடு மயிலாப்பூரில், கோயிலுக்குப் பின் தெருவில். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. புடவை கொண்டுவரும் பெண்கள் எப்போது கிடைக்கும் என்று கேட்டால்கூட முதலாளியைக் கைகாட்டிவிடுவேன். அப்படிப்பட்டவளை மறைக்கல்வி வகுப்புக்கு டீச்சராகப் போட்டார்கள். பாடம் எடுத்துக்கொண்டிருந்த சிஸ்டருக்கு மாற்றல் வந்துவிட்டது. பங்குச் சாமியார் ஒரு நாள் பூசை முடிந்து வாசலில் என்னை நிறுத்தி, "ஒரு வருஷம் மட்டும்மா" என்றார். முடியாது என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

உறுதிபூசுதல் என்னும் திருச்சடங்குக்குத் தயாராகும் பிள்ளைகள், பதினாறு பேர். எல்லோருக்கும் பதினாலு, பதினைந்து வயது. ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு கோயில் பின்பக்க ஹாலில் ஒரு மணி நேரம் வகுப்பு. நான் பேசுவது முதல் பெஞ்சுக்கு மட்டும்தான் கேட்கும். பின்னால் இருக்கும் பையன்கள் கிரிக்கெட் பேசுவார்கள், ஒருவன் செருப்பை மற்றவன் தள்ளிவிடுவான். வகுப்பு முடிவில் செபமாலையில் பத்து மணிகளை, மணிக்கு ஒரு செபமாக, உருட்டிச் சொல்ல வேண்டும். அதில்தான் சிரிப்பு அதிகம். ஒரு ஞாயிறு, மூன்றாவது மணியில் ஒருவன் கொக்கரித்துச் சிரித்தான், ஹாலே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. யோசிக்காமல் கத்தினேன்.

"பராக்கோட சொன்ன மணி கணக்குல வராது. முதல்லேர்ந்து சொல்லணும்!"

அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. என் வாயில் அந்த நிமிடம் வந்தது. ஆனால் ஹால் அமைதியாகிவிட்டது. என் பேச்சுக்கு முதல் முறையாகப் பதினாறு பேர் அடங்கியிருந்தார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போயிற்று. உண்மையைச் சொன்னால், எல்லாம் ஆரம்பித்தது அங்கேதான்.

அடுத்த வாரமே ஒரு ஏற்பாடு செய்தேன். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. வீட்டில் தினமும் செபமாலை சொல்லும்போது பராக்கு வந்தால் ஒரு கோடு போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் காட்ட வேண்டும். பராக்கு நோட்டு என்று பெயர் வைத்தேன். பங்குச் சாமியாரிடம் கேட்கவில்லை. நல்ல யோசனை என்று எனக்கே தோன்றியதால் கேட்கத் தோன்றவில்லை.

பையன்கள் அதை விளையாட்டாக்கிவிட்டார்கள். ஒருவன் வாரம் முழுவதற்கும் ஒரே ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தான்.

"ஒண்ணுதானாடா? தினமும் அம்பத்து மூணு மணி சொன்னியே?"

"ஆமா மிஸ். திங்கக்கெழம ஒரு பராக்கு வந்துச்சு. அது இன்னும் போவல. அப்ப ஒண்ணுதானே?"

"மிஸ், அவன் செபமாலையே சொல்லல. இன்னாத்துக்கு கோடு?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"டேய், நீ மட்டும் சொன்னியா? ஒன் நோட்ட எடு பாக்கலாம். பஸ்ல வர சொல்லோ போட்ட கோடுடா அதெல்லாம்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பையன்களுக்கு அந்த நோட்டு ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மாதத்தில் பாதிப் பேர் அதைத் தொலைத்தும் விட்டார்கள்.

முதல் பெஞ்சில் ஓரமாக ஒரு பெண் உட்காருவாள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கடற்கரைச் சாலை ஓரத்தில் பலகை போட்டு மீன் விற்பவர். நன்றாகப் படிக்கும் பெண். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். அவளைப் பார்த்தால் எனக்கு என்னையே பார்ப்பது போல இருக்கும், அதனால் அவள் மேல் ஒரு தனிப் பிரியம். அவள் நோட்டில் முதல் வாரம் பதினோரு கோடு இருந்தது. அடுத்த வாரம் நாற்பதுக்கு மேல். ஒரு மாதத்தில் பக்கம் முழுக்கக் கோடு, இடமில்லாமல் ஓரத்திலும் கோடு. பேனா அழுத்தி அழுத்திப் பின்பக்கம் புடைத்திருந்தது.

அதைப் பார்த்தவுடன் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் சிவப்புப் பேனாவால் "மிக நன்று" என்று எழுதினேன். ஸ்டேஷனரி கடையில் வாங்கிய தங்க நட்சத்திரம் ஒன்றை ஒட்டினேன். எழுந்து நிற்கச் சொல்லி, "இவதான் உண்மைய எழுதியிருக்கா. மத்தவங்க எல்லாம் கத்துக்கணும்" என்று வகுப்பையே கைதட்ட வைத்தேன். ஒரு நீல நிறச் செபமாலையைப் பரிசாகக் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"மிஸ், வந்தது பராக்கா இல்லையான்னே தெரியலன்னா, கோடு போடணுமா?"

அவள் கை செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டே சொன்னேன்: "சந்தேகம்னா போட்டுடும்மா. ஆண்டவருக்குத் தெரியும்."

தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது இந்த வாக்கியம் இப்போதும் என் காதில் விழும். மெஷின் சத்தத்தில்கூட அது மறையாது.

அவளுடைய அம்மா என்னிடம் வந்து சொல்லாமல் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை மீன் வாங்கப் போனபோது, கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"யக்கா, ஒன் க்ளாஸ் பொண்ணு இன்னா பண்றா தெரியுமா? காலீல பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினே கீறா. மூணு பஸ்ஸு வந்து போவுது, ஏற மாட்டேன்றா. வாயி மட்டும் மொணமொணன்னு போய்க்கினு கீது."

"செபம் சொல்றாளா இருக்கும்."

"அத்த ஏறி குந்திக்கினு சொல்லக் கூடாதா? பஸ்ஸுல மாதா வர மாட்டாங்களா?"

பக்கத்துப் பலகைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். "நல்ல பொண்ணு. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை இவ்வளவு பக்தியா இருக்குது? கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, சங்கரா மீனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் டீச்சர் அல்லவா.

பஸ் ஸ்டாப்பில் நடந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் ஒரு செபமாலை முடிக்க வேண்டும் என்று அவள் வைத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தால் அதைப் பார்ப்பது பராக்கு. நம்பரைப் படிப்பது பராக்கு. உடனே முதல் மணிக்குப் போய்விடுவாள். ஆரம்பிப்பதற்குள் அடுத்த பஸ் வந்துவிடும். சனிக்கிழமைகளில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பாள். முடித்து வந்து முழங்காலில் இருப்பாள், எழுந்து மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்பாள். பாவத்தோடு வாங்கக் கூடாது என்று பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டிருந்தாள். நான் அந்த வரிசையைப் பார்த்திருக்கிறேன். என்ன ஒரு பக்தி என்று நினைத்திருக்கிறேன்.

அரையாண்டில் அறிவியல் பரீட்சை அன்று அவள் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டாள். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது, எழுத விடவில்லை. வீட்டுக்கு வந்தவளை அம்மா கன்னத்தில் அறைந்திருக்கிறார். அறை வாங்கியவள் அழாமல், அம்மாவுக்குக் கோபம் வரவைத்தது பாவமா என்று கேட்டாளாம். அதைக் கேட்டபின் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. நேராகப் பங்குச் சாமியாரிடம் அழைத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு, மறைக்கல்வி டீச்சர்கள் ஐந்து பேரையும் சாமியார் உட்கார வைத்து டீ கொடுத்தார். நடந்ததைச் சொன்னார்.

"அந்தப் புள்ளைய கேட்டேன், பராக்கு வந்தா திருப்பிச் சொல்லணும்னு யாரும்மா சொன்னதுன்னு. வாயே தொறக்கல. நம்மள்ல யாராவது பிள்ளைங்க பயப்படற மாதிரி ஏதாவது சொல்லியிருக்கோமா? திட்டறதுக்கு இல்ல. சொன்னவங்களே இல்லன்னு சொன்னா அவளுக்கு நல்லாருக்கும்."

இன்னொரு டீச்சர், "பரீட்ச டென்ஷன் ஃபாதர். இந்த வயசுப் பிள்ளைங்க எல்லாமே அப்படித்தான்" என்றார். நான் டீ கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன். அதற்குள் சாமியார் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சம் இல்லை. பயம். அமைதியான என் வகுப்பும், மிஸ் என்ற பெயரும் போய்விடும் என்ற பயம்.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய அம்மா கோயில் வாசலில் என் கையைப் பிடித்தார். "அடையாறுல ஒரு டாக்டரம்மா கீதாம், மனசுக்குப் பாக்கறது. சாமியாரு சீட்டு எழுதிக் குட்த்தாரு. நீ கூட வா யக்கா. எனக்கு அவுங்ககிட்ட பேச வராது."

போனேன். உதவி செய்யத்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அங்கே என் பெயர் வெளியே வருகிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். மேஜைக்கு இந்தப் பக்கம் எங்கள் மூன்று பேருக்கும் நாற்காலி போட்டார். அவர் கிறிஸ்தவர் இல்லை, பராக்கு என்றால் என்ன என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். அவளும் மெதுவாகச் சொன்னாள். அப்போது அம்மா மீன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அட்டை கிழிந்திருந்தது.

"இத்த பாரும்மா. நாள் பூரா இதுல கீச்சிக்கினே கீறா. எனக்குப் படிக்க வராது. இன்னா எழுதிக்கீதுன்னு தெரியல."

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் கோடு. ஒரு பக்கத்தில் நின்றார்.

"இந்த சிவப்பு இங்க்ல 'மிக நன்று'ன்னு போட்டிருக்கே. ஸ்டாரும் இருக்கு. இது யார் போட்டது?"

அம்மா மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு குனிந்துகொண்டு சொன்னாள்:

"நானே போட்டுக்கினேன்."

வந்தது பராக்கா இல்லையா என்று தெரியாமல் மணிக்கணக்கில் பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண் அவள். பொய் சொன்னாள். எனக்காக. சாமியாரிடமும் அவள் வாய் திறக்காததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. டீச்சரைப் பற்றி இன்னொருவரிடம் குறை சொல்வது பாவம் என்று நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தேன். பொய் சொன்ன மறு நொடி அவள் உதடுகள் அசைய ஆரம்பித்தன. சத்தமில்லாமல், வேகமாக. பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம். நடுவில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து வரும். எனக்கு மூன்றடி தள்ளி அது நடந்தது. அதுவரை நான் அதைப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

"நான் போட்டது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் குனிந்தார். மறுபடி சொன்னேன். "நான்தான் எழுதினேன். அந்த நோட்டு நான் வைக்கச் சொன்னது. பராக்கு வந்தா திருப்பிச் சொல்லணும்னு சொன்னதும் நான்தான்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீயா யக்கா?" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. நோட்டை எடுத்து மறுபடி மீன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டாக்டரும் என்னைத் திட்டவில்லை. இது ஒரு நோய், கவலை எதையாவது பிடித்துக்கொண்டு விடாது, செபத்தைப் பிடிக்காவிட்டால் கை கழுவுவதையோ கதவுப் பூட்டையோ பிடித்திருக்கலாம் என்றார். மாத்திரை எழுதினார், வாரம் ஒரு தடவை வரச் சொன்னார். அதன் பிறகு என்னிடம், "நீங்க சொன்ன சட்டத்தை நீங்களே இவங்ககிட்ட எடுத்துடுங்க. ஒரே தடவை சொன்னா போதும்" என்றார்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "அது தப்புமா. அப்படி ஒரு சட்டமே கிடையாது. பிள்ளைங்க சத்தம் போட்டாங்கன்னு நான் கோவத்துல சொன்னது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மிஸ், எனக்குப் பாவம் வரக் கூடாதுன்னுதானே இப்ப இப்பிடிச் சொல்றீங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவங்க சொல்லிட்டாங்க. இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். வந்தா வரட்டும், அதுக்குப் பதில் தேடாதீங்க. இன்னிக்குப் போறப்ப பஸ் ஸ்டாப்புல செபமாலையில ஒரு பத்து மணி ஆரம்பிங்க. பஸ் வந்தா எத்தனாவது மணியா இருந்தாலும் ஏறிடுங்க. திரும்பப் போகக் கூடாது. அவ்வளவுதான் இன்னிக்கு வேலை."

அடையாறு சிக்னல் பக்கத்து ஸ்டாப்பில் நின்றோம். சாயங்காலக் கூட்டம். தரமணிப் பக்கமிருந்து ஆபீஸ் பஸ்கள் வந்துகொண்டிருந்தன. அம்மா எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அவள் நீலச் செபமாலையை எடுத்தாள். எங்கள் பஸ் வந்தது. அவள் கால் நகரவில்லை. பஸ் போய்விட்டது. இரண்டாவது வந்தது, அதுவும் போனது. அவள் நெற்றி வேர்த்திருந்தது. அம்மா கையைப் பிடித்து இழுக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது பஸ் தூரத்தில் தெரிந்தது. நான் அவள் பக்கத்தில் போனேன்.

"எத்தனாவது மணி?"

"நாலு. ஆனா மூணாவதுல மீன் நெனப்பு வந்துடுச்சு மிஸ்."

"என்ன மீன்?"

அவள் திகைத்துப் பார்த்தாள். செபத்தின் நடுவில் மிஸ் இப்படிக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. "வஞ்சிரம். வறுத்தது."

"நம்ம வூட்ல வஞ்சிரம் எங்கடி வறுத்தோம்?" என்று அம்மா திரும்பினார். "அல்லாம் விக்கறதுக்குத்தான் கீது. நெனப்புலகூட வெல ஜாஸ்தியாத்தான் கேக்குமா இதுக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். செபமாலை கையில் இருக்கும்போதே. சிரித்ததை உணர்ந்து முகம் வெளுத்தது, கட்டைவிரல் முதல் மணியைத் தேடிப் பின்னால் போனது. பஸ் வந்து நின்றது.

என் வாழ்க்கையில் தெருவில் நான் சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். "அஞ்சாவது மணிமா. ஏறு!" என்றேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் ஏறினாள். படியில் நின்றபடி அழுதாள், ஆனால் ஏறினாள். விரல் ஐந்தாவது மணியில் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் சாமியாரிடமும் மற்ற டீச்சர்களிடமும் எழுந்து நின்று சொன்னேன். வகுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். சாமியார் விடவில்லை. "இப்பதான் நீங்க எடுக்கணும்" என்றார். எடுக்கிறேன். செபத்தில் மனம் போனால் போகட்டும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள் என்கிறேன். ராத்திரி தூக்கம் வராத பிள்ளை, வயிற்றைப் பிசைகிறது என்னும் பிள்ளை யாராவது இருந்தால், செபி என்று சொல்லி அனுப்புவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். பின் பெஞ்சு சத்தம் போடுகிறது. போடட்டும்.

அவளுடைய அம்மா இரண்டு மாதம் என்னுடன் பேசவில்லை. நான் வேறு பலகையில் மீன் வாங்கினேன். பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். கொஞ்சம் நெத்திலிக் கருவாட்டைத் தாளில் சுருட்டிக் கொடுத்தார். "ஒன் நோட்டுதான் யக்கா. கிழிச்சிக் கிழிச்சிக் கட்டிக் குட்த்துக்கினு கீறேன். நல்ல கனமான பேப்பரு" என்றார். வீட்டில் பிரித்துப் பார்த்தேன். எண்ணெய் ஊறிய கோடுகள். அந்தத் தாளை எறிய மனம் வரவில்லை. என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். இன்னும் கருவாட்டு வாடை அடிக்கிறது.

அந்தப் பெண் அறிவியலைத் திரும்பப் படித்துப் பாஸ் செய்து, இப்போது காலேஜ் போகிறாள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பரீட்சை வரும்போது மறுபடி பிடிக்கும். அப்படிப்பட்ட காலைகளில் எனக்கு போன் செய்வாள்.

"மிஸ், நேத்து ஒருத்திகிட்ட ஒண்ணு சொன்னேன். அது பாவமா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் அன்றைக்கு நிம்மதி, மறுநாள் பத்து கேள்வி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்று கூட்டத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்தது எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போது சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். போனைக் காதில் வைத்துக்கொண்டு, மெஷினை நிறுத்திவிட்டு, அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளும் என் மூச்சைக் கேட்பாள் என்று நினைக்கிறேன். சில நாள் ஒரு நிமிடம், சில நாள் ஐந்து நிமிடம். அந்தப் பக்கம் ரோட்டுச் சத்தமும் ஹாரனும் கேட்கும்.

"சரி மிஸ், பஸ்ஸு வந்துடுச்சு" என்று வைத்துவிடுவாள்.